இடம் மாறிய கீறல்

கீறல் இடம் மாறியிருந்தது. ஏன் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

பழைய பிலிமில் விழும் கீறல்களைப் பார்த்தாலே அவை எங்கே விழுந்தவை என்று சொல்லிவிடலாம். வெள்ளைக் கோடாகத் தெரிந்தால் அது பிரதியில் விழுந்தது. ஓட்டி ஓட்டித் தேய்ந்த கீறல். கறுப்புக் கோடாகத் தெரிந்தால் நெகட்டிவில் விழுந்தது, அதாவது படம் பிடிக்கும்போதே. கேமராவுக்குள் பிலிம் ஓடும் பாதையில் ஒரு மணல்துகள் சிக்கினால் போதும். துகள் அசையாது, பிலிம் மட்டும் ஓடும். அதனால் கோடு படத்தில் ஒரே இடத்தில் மேலிருந்து கீழாக நிற்கும். யாராவது கேமராவைத் திறந்து துகளை ஊதித் தள்ளும்வரை அன்றைக்கு எடுத்த எல்லாக் காட்சியிலும் அது அங்கேயேதான் நின்றாக வேண்டும்.

இந்தச் சுருளில் கறுப்புக் கோடு திரையின் இடது விளிம்பிலிருந்து நாலு விரல் தள்ளி நின்றது. நடுவில் மூன்றே மூன்று ஷாட்டில் மட்டும் வலது விளிம்பிலிருந்து நாலு விரல் தள்ளி நின்றது. அப்புறம் மறுபடி இடப்பக்கமே வந்துவிட்டது. துகள் நடந்தா போகும்?

இரண்டாவது கேமராவாக இருக்கலாம் என்று நினைத்தாள். ஆனால் அந்தக் கேமராவிலும் ஒரு துகள் சிக்கி, அதுவும் அளந்து வைத்த மாதிரி அதே நாலு விரல் தள்ளி? நம்பும்படி இல்லை. பிலிமைத் திருப்பிப் போட்டிருப்பார்களோ என்றும் நினைத்தாள். படத்தைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடவலம் மாற்றிவிட்டால் கோடும் மாறும். ஆனால் அப்படியானால் எழுத்தும் எண்ணும் இடவலம் மாறித் தெரிய வேண்டுமே. மூன்று ஷாட்டிலும் பின்சுவரில் கப்பலின் எண் பெரிதாகத் தெரிந்தது: 808. ஒழுங்காகத்தான் படிக்க முடிந்தது. ஆக, அதுவும் இல்லை.

பழைய பிலிம் சுருள்களைக் கணினியில் ஏற்றித் தூசியும் கீறலும் நீக்கிக் கொடுப்பது அவள் தொழில். வீட்டின் பெரிய அறைதான் பட்டறை. சத்தம் வெளியே போகாதபடி சுவரெல்லாம் பஞ்சுப் பலகை, நடுவில் ஸ்கேனர், எதிர்ச்சுவரை அடைத்துக்கொண்டு ஒரு திரை. மூலையில் இரும்புத் தகடு அடித்த கதவோடு ஒரு குளிர் அறை. சூட்டில் பிலிம் புளித்துச் சுருண்டுபோகும் என்பதால் சுருள்களெல்லாம் அதற்குள் இருந்தன. கதவருகே தீயணைக்கும் சிவப்பு சிலிண்டர் ஒன்று தொங்கியது.

இப்போது கையில் இருந்தது ஒரு விண்வெளித் தொடர். அது ஒளிபரப்பான காலத்தில் அந்த நேரத்துக்குத் தெருவே காலியாகிவிடுமாம். விதைகளை ஏற்றிக்கொண்டு வேறு கிரகம் தேடிப் போகும் 808 என்ற கப்பல். அதன் சரக்கறையில் யாருக்கும் தெரியாமல் ஏறிக்கொண்ட, கொம்பு முளைத்த ஒரு மிருகம். எபிசோடுக்கு ஒரு ஆளையாவது அது கிழித்துப் போடும். தலைக்கவசம் போட்ட காவலர்கள் தடியால் அதை அடித்துச் சரக்கறைக்குள் துரத்துவார்கள். அந்த மிருகத் தோலுக்குள் இருந்தவர் அவளுடைய அப்பா. இன்றைக்கும் கடைத்தெருவில் அவரைக் கொம்பன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். காவலர்களில் ஒருவர் சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி. எதை எடுத்தாலும் இடக்கையால்தான் எடுப்பார் என்பதால் சண்டைக் குழுவில் அவருக்கு நொட்டாங்கை என்று பெயர்.

சுருள்கள் வந்த நாளிலிருந்து மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு பேரும் வந்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு ஒரு எபிசோடு. தாண்டிப் பார்க்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். அவர் பார்க்க வந்ததற்கே ஒரு காரணம் இருந்தது.

தொடரின் பாதியில், ஒரு சண்டைக் காட்சியில், அப்பாவை யாரோ நிஜமாகவே அடித்துவிட்டார்கள். தடிகள் இரண்டு விதம். கையில் பிடித்துக் காட்டும்போது இரும்பு, கனம் தெரிய வேண்டும் என்பதற்காக. அடிக்கும்போது ரப்பர். அன்றைக்கு ஒருவன் இரும்போடு வந்து அடித்தான். இயக்குநர் நிறுத்தச் சொல்லிக் கத்திய பிறகும் அடித்தான். அப்பாவுக்கு ஒரு கண் போனது, தாடை கோணியது. யார் என்று அவருக்குத் தெரியவே இல்லை; எல்லார் முகமும் கவசத்துக்குள் இருந்ததால் மற்றவர்களாலும் சொல்ல முடியவில்லை. மிருகத்தின் கண்கள் வெறும் கண்ணாடிக் குண்டுகள். உள்ளே இருப்பவர் பார்க்க மிருகத்தின் தொண்டையில் இரண்டு ஓட்டை வைத்திருந்தார்கள். அந்த ஓட்டை வழியாகத் தெரிந்ததெல்லாம் பூட்ஸ் கால்கள். எல்லார் காலிலும் ஒரே பூட்ஸ். அந்த எபிசோடு ஒளிபரப்பானபோது அவர் ஆஸ்பத்திரியில் கட்டோடு கிடந்தார். தொடர் முடிந்த பிறகு அது எங்கும் மறு ஒளிபரப்பு ஆகவில்லை.

“எவன்னு மட்டும் தெரிஞ்சா போதும்” என்று முதல் நாளே சொல்லியிருந்தார். “பல்லைத் தட்டிக் கையில குடுத்துட்டு நிம்மதியாப் படுத்துருவேன்.”

“அவனுக்கும் நம்ம வயசுதானேண்ணே இருக்கும்?” என்றார் சித்தப்பா. “நீ தட்டவே வேணாம். பல்செட்டு தன்னால கழண்டு கையில வந்துரும்.”

அப்பா சிரித்தார். ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். சின்ன வயதில், அவரைக் கொம்பன் என்று கேலியாகக் கூப்பிட்ட ஒரு லாரி டிரைவரை அவர் தூக்கி லாரியின் கண்ணாடி மேலேயே எறிந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

இன்றைக்கு அந்த எபிசோடு.

இருவரும் வந்தார்கள். அப்பா வாசல் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “நடுவுல எவனும் வந்து தொந்தரவு பண்ணக் கூடாது.” சித்தப்பா வழக்கம்போல் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார்.

“அப்பா, இந்தச் சுருள்ல ஒரு கோளாறு இருக்கு. ஒரு கோடு இடம் மாறுது” என்றாள் அவள். “அதைப் பார்த்து முடிச்சுட்டு நாளைக்குப் போடட்டுமா?”

“கோடு எங்க வேணா போகட்டும்மா. நீ போடு.”

போட்டாள்.

மிருகம் தப்பித்து நடைபாதையில் ஓடியது. ஒரு காவலனைச் சுவரோடு அறைந்தது. இன்னொருவனின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, கால் உதறும்வரை வைத்திருந்து கீழே போட்டது. சித்தப்பா திரையைப் பார்த்தபடியே விளக்கிக்கொண்டு வந்தார்.

“கழுத்தைப் பிடிக்கிறாப்ல இருக்கும் பாப்பா, ஆனா பிடிக்கிறது அண்ணன் இல்ல. தூக்கப்படுறவன்தான் அண்ணன் மணிக்கட்டைப் பிடிச்சுத் தொங்கணும். அண்ணன் சும்மா கையை நீட்டிக்கிட்டு நிக்கணும், அவ்ளோதான். குத்தும் அப்படித்தான். முகத்துக்கு ஒரு சாண் தள்ளிக் காத்துல போகும். கேமரா பின்னாடி இருந்து பார்க்கிறதால ஒட்டின மாதிரி தெரியும். வாங்குறவன் தலையைச் சரியான நேரத்துல திருப்பணும். பாதிக் குத்து வாங்குறவன் கையிலதான் இருக்கு.”

“பேசாம பாருடா” என்றார் அப்பா.

மிருகம் இயந்திர அறைக் கதவுவரை போய் மாட்டிக்கொண்டது. அங்கேதான் அந்த மூன்று ஷாட்டும் தொடங்கின. அவள் கண் பழக்கத்தில் முதலில் கோட்டுக்குத்தான் போனது. அது வலப்பக்கம் தாவியிருந்தது. காலையில் கோட்டை மட்டுமே கவனித்தவள் இப்போதுதான் தடியைப் பார்த்தாள்.

ரப்பர் தடி பட்டதும் நுனி லேசாக வளைந்து மீளும். இது வளையவில்லை. தலையில் இறங்கியது, எழுந்தது, அதே இடத்தில் மறுபடி இறங்கியது. மிருகத்தின் ஒரு கொம்பு வேரோடு பிய்ந்து தொங்கியது. கண்ணாடிக் கண் நொறுங்கி உள்ளே போனது. மிருகம் முட்டி போட்டு விழுந்த பிறகும் தடி இறங்கிக்கொண்டே இருந்தது. தொண்டை ஓட்டை வழியாக இருண்ட நிறத்தில் ஏதோ வழிந்தது. அன்றைக்குப் பார்த்தவர்கள் அதைச் சாயம் என்று நினைத்திருப்பார்கள்.

“நிறுத்து” என்றார் அப்பா. “திரும்பப் போடு.”

போட்டாள்.

“இன்னொரு தடவை.”

மூன்றாவது முறை அவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். அடிப்பவனின் முகம் கவசத்துக்குள் மறைந்திருந்தது. கை மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

“எந்தக் கைம்மா அது?”

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். இடக்கை.

“நம்ம குழுவுல நொட்டாங்கை எத்தனை பேருடா?”

சித்தப்பா பிஸ்கட்டைக் கீழே வைத்தார். “அண்ணே, அது நான் இல்ல. நான் பின்னால கதவுகிட்ட நின்னேன். எத்தனை வாட்டி உன்கிட்ட சொல்லியிருக்கேன்?”

“எத்தனை பேருன்னு கேட்டேன்.”

“நான் ஒருத்தன்தான். ஆனா அண்ணே...”

“நான் ஆஸ்பத்திரியில கிடக்கையில என் தோலை மாட்டிக்கிட்டு மீதி எபிசோடெல்லாம் நடிச்சது யாரு?”

“அவங்க கூப்பிட்டாங்க, போனேன். வீட்டுல அடுப்பெரிய வேணாமா? உன் ஆஸ்பத்திரிச் செலவையும் அதுல இருந்துதானே...”

அப்பா குத்தினார். இந்தக் குத்து ஒரு சாண் தள்ளிப் போகவில்லை. மூக்கெலும்பு உடைகிற சத்தம், காய்ந்த சுள்ளியை மிதித்தது போல, பஞ்சுச் சுவர்களுக்குள் துல்லியமாகக் கேட்டது. சித்தப்பா நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். அப்பா அவர் மேல் ஏறி உட்கார்ந்து இடக்கையைப் பிடித்தார்.

“இந்தக் கைதானே? இதானேடா?”

விரல்களைப் பின்பக்கமாக மடக்கினார். ஒன்று போனது. இன்னொன்று போனது. சித்தப்பா அலறினார். அவள் அப்பாவின் தோளைப் பிடித்து இழுத்தாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் முழங்கையை வீசினார். அவள் போய் இரும்பு அலமாரியின் விளிம்பில் விழுந்தாள். தோளுக்குக் கீழே ஏதோ விட்டுப்போய், வலக்கை தொங்கியது.

இடக்கையால் போனை எடுத்தாள். அப்பா அதைத் தட்டிப் பறித்துச் சுவரில் அடித்தார். பஞ்சுப் பலகையில் பட்டதால் உடையாமல் விழுந்தது. உடனே காலால் மிதித்து நொறுக்கினார். அந்த ஒரு இடைவெளி சித்தப்பாவுக்குப் போதுமாக இருந்தது. தவழ்ந்தே குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டார். தரையில் அவர் போன வழி முழுக்க ரத்தம்.

அப்பா தோளால் இடித்தார். கதவு அசையவில்லை. சுற்றிப் பார்த்தார். சிவப்பு சிலிண்டரைக் கழற்றி எடுத்தார்.

இரும்புத் தகடு அடித்த கதவை ஒரு மனிதன் உடைக்க முடியாது. ஆனால் அதை உடைக்கத் தேவையும் இல்லை. தாழ்ப்பாள் போய் நுழைகிற கொண்டி கதவு நிலையில் இருக்கிறது. நிலை மரம். கொண்டியை மரத்தோடு பிடித்து நிறுத்துவது நாலு திருகாணிகள், ஒவ்வொன்றும் அரை விரல் நீளம். கதவில் விழும் ஒவ்வொரு அடியும் அந்தத் திருகாணிகளை மரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கும். கதவு எவ்வளவு கெட்டியோ அவ்வளவு முழுசாக அடியைத் திருகாணிக்குக் கடத்தும். அவளே நின்று மாட்டிய கதவு அது. எவ்வளவு தாங்கும் என்று அவளுக்குத் தெரியும்.

முதல் அடியில் அறையே அதிர்ந்தது.

“அப்பா, வேணாம்ப்பா! செத்துருவாரு!”

“சாகட்டும்.”

“ஜெயிலுக்குப் போவீங்க!”

“போறேன். ஒத்தைக் கண்ணு வச்சிக்கிட்டு இவன்கூட உட்கார்ந்து தினம் டீ குடிச்சேன் பாரு, அதுக்கு ஜெயிலே மேலு.”

சுவரைத் தட்டிப் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டுப் பயனில்லை. சத்தம் போகக் கூடாது என்றுதான் பஞ்சுப் பலகை அடித்தது. சாவி அப்பாவின் பையில். அவரைத் தடுக்க அவளிடம் பலமும் இல்லை. இதைத் தொடங்கி வைத்தது திரையில் அவர் பார்த்த ஒரு படம். நிறுத்துவதென்றாலும் திரையில் இருந்துதான் நிறுத்த வேண்டும். அவள் மேசைக்குப் போய் உட்கார்ந்து, பழக்கமில்லாத இடக்கையால் மவுஸைப் பிடித்தாள்.

சித்தப்பா பின்னால் கதவருகே நின்றதாகச் சொன்னார். அவர் சொன்னது உண்மையானால் படத்தில் அங்கே ஒரு இடக்கைக்காரன் இருக்க வேண்டும். மூன்று ஷாட்டையும் ஒவ்வொரு படமாக நகர்த்தினாள். இருந்தான். இயந்திர அறைக் கதவை ஒட்டி ஒரு காவலன், மங்கலாக. ஆனால் தடி வலக்கையில்.

உள்ளிருந்து சித்தப்பாவின் குரல் மூக்கடைத்துக் கேட்டது. “அண்ணே, அம்மா மேல சத்தியமா நான் இல்லண்ணே.”

“அம்மாவை இழுக்காதடா!” சிலிண்டர் இறங்கியது. நிலையிலிருந்து மரத்தூள் உதிர்ந்தது.

வேறு எபிசோடுகளில் இதே இடம் வருகிறதா என்று தேடினாள். சித்தப்பாவின் நடையை, நிற்கிற விதத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று ஒரு எண்ணம். ஒன்றில் கப்பல் தலைவர் இயந்திர அறைக் கதவைத் திறக்கிறார். பொத்தானை இடக்கையால் அழுத்தினார். அவள் அதைத் தாண்டிப் போனாள். அடுத்ததில் மருத்துவர் அம்மாள் விளக்கைத் தூக்கிக்கொண்டு அதே கதவுக்கு வருகிறாள். விளக்கு இடக்கையில். அவள் மவுஸை நிறுத்தினாள்.

மருத்துவர் அம்மாள் ஊசி போடுவது, எழுதுவது, அறைவது எல்லாம் வலக்கையால்தான். எத்தனை எபிசோடு பார்த்தாயிற்று! தலைவரும் அப்படித்தான். கட்டுப்பாட்டு அறைக் கதவை அவர் எப்போதும் வலக்கையால்தான் திறப்பார். இன்னொரு எபிசோடு, இன்னொரு ஆள்: துடைப்பம் பிடித்துக்கொண்டு சமையல்காரர், இடக்கையில். இயந்திர அறைப் பக்கம் போனதும் கப்பலில் எல்லாருமே நொட்டாங்கை ஆகிவிடுகிறார்கள்.

சிலிண்டர் இறங்கியது. முதல் திருகாணி தெறித்துத் தரையில் உருண்டது.

கட்டுப்பாட்டு அறைக் கதவு நடைபாதையின் வலக்கோடியில் இருக்கிறது. இயந்திர அறைக் கதவு இடக்கோடியில். அவள் இரண்டையும் அருகருகே வைத்தாள். வலக்கோடிக் கதவின் கீழ்ப்பக்கம் ஒரு நசுங்கல் இருந்தது, கொக்கி போல வளைந்து. இடக்கோடிக் கதவிலும் ஒரு நசுங்கல், அதே கொக்கி, எதிர்ப்பக்கமாக வளைந்து. ஒன்றை இடவலமாகத் திருப்பி மற்றதன் மேல் வைத்தாள். ஒரு மயிரிழைகூட விலகாமல் பொருந்தியது.

இரண்டு கதவு இல்லை. ஒரே கதவு.

அப்போதுதான் அந்தக் கப்பலை எப்படிக் கட்டினார்கள் என்று அவளுக்கு விளங்கியது. அவர்களிடம் ஒரு நீள நடைபாதைக்கான மரமும் தகடும் இல்லை. பாதி நடைபாதையும் ஒரு கோடியில் ஒரு கதவும் மட்டும் கட்டினார்கள். கட்டுப்பாட்டு அறைப் பக்கம் வேண்டுமென்றால் எடுத்ததை அப்படியே போட்டார்கள். இயந்திர அறைப் பக்கம் வேண்டுமென்றால் அதே இடத்தில் எடுத்து, லேபில் பிலிமைத் திருப்பிப் பிரதி போட்டார்கள். அது யாருக்கும் தெரியாமல் இருக்க எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற மாதிரி செய்திருந்தார்கள். உடுப்பின் ஜிப் நட்டநடுவில். சின்னம் நெஞ்சின் மத்தியில். ஒருவர் கையிலும் கடிகாரம் இல்லை. கப்பலின் எண்ணையும் அதற்கென்றே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அவள் பின்சுவர் எண்ணை வெட்டியெடுத்து இடவலமாகத் திருப்பினாள். 808 என்பது 808 ஆகவே நின்றது. எட்டைத் திருப்பினாலும் எட்டுதான், பூச்சியத்தைத் திருப்பினாலும் பூச்சியம்தான். காலையில் அந்த எண்ணைப் பார்த்துத்தான் அவள் ஏமாந்தாள்.

மற்ற எபிசோடுகளில் கேமராவில் துகள் இல்லை. திருப்பிப் போட்டதற்குத் தடயமும் இல்லை. இந்த ஒரு நாள் மட்டும் ஒரு துகள் சிக்கிக்கொண்டது. அதைத் திருப்பிப் போட்டவர்களாலும் மறைக்க முடியவில்லை.

அவள் மூன்று ஷாட்டையும் திருப்பினாள். கறுப்புக் கோடு வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குத் தாவி, முன்பின் ஷாட்டுகளின் கோட்டோடு நூல் பிடித்தாற்போல் நின்றது.

இரண்டாவது திருகாணி. மூன்றாவது. கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விழுந்தது. அந்த இடுக்கில் சித்தப்பாவின் கால் தெரிந்தது. அவர் உள்ளிருந்து முதுகை முட்டுக் கொடுத்திருந்தார்.

“அப்பா! இங்க பாருங்க!”

அவர் பார்க்கவில்லை. அவள் ஒலிபெருக்கியை முழுசாகத் திருப்பிவிட்டு ஷாட்டை ஓட்டினாள். மிருகத்தின் அலறல் அறையைக் கிழித்தது. தோலுக்குள் இருந்து அவர் அன்றைக்குப் போட்ட சத்தம்தான் அது; அதற்கு மேல் வேறு சத்தம் சேர்க்க ஒலிப்பதிவாளருக்குத் தேவைப்பட்டிருக்காது. சிலிண்டரைத் தலைக்கு மேல் ஓங்கியபடியே அப்பா திரும்பினார்.

திரையில் தடி இறங்கியது. வலக்கையிலிருந்து இறங்கியது. மிருகத்தின் இடப்பக்கக் கொம்பு பிய்ந்தது. இடப்பக்கக் கண் நொறுங்கியது.

“உங்களுக்கு எந்தக் கண்ணுப்பா போச்சு?”

அவர் சிலிண்டரை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மற்றக் கையை முகத்துக்குக் கொண்டுபோனார். இடது கண் குழியைத் தொட்டார்.

“முன்னாடி பார்த்தப்போ அடி எந்தப் பக்கம் விழுந்துச்சு?”

அவள் பழையபடி திருப்பிக் காட்டினாள். இப்போது அடி வலக்கண்ணில் விழுந்தது. அப்பா நெருங்கி வந்தார். அவருக்கு அது வித்தியாசமாகத் தெரியாமல் போனதற்குக் காரணம் அவளுக்குப் புரிந்தது. தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் அவர் பார்க்கிற முகம் அப்படித்தான் இருக்கும். அடிபட்ட கண் அந்தப் பக்கம் இருப்பதுதான் அவருக்குப் பழக்கம்.

“என்னம்மா பண்றே? படத்தை மாத்திட்டியா?”

“நான் மாத்தல. அவங்க மாத்தினாங்க. நான் திரும்ப நேராக்கினேன்.” தலைவர் கதவைத் திறக்கும் காட்சியைப் போட்டாள், மருத்துவர் அம்மாளைப் போட்டாள், துடைப்பத்தோடு சமையல்காரரைப் போட்டாள். “இவங்கெல்லாம் நொட்டாங்கையா?”

“இல்ல” என்றார் அப்பா. மூச்சு இரைத்தது. “அந்த அம்மா என்னையே ஒரு தடவை அறைஞ்சிருக்கு. வலது கைதான்.”

“கதவுல அந்த நசுங்கல் தெரியுதா? ரெண்டு பக்கமும் ஒரே கதவு.”

அவர் சிலிண்டரைக் கீழே வைக்கவில்லை. கை தளர்ந்து அதுவே தரையில் இடித்தது. “அப்போ இவன்... இவன் எங்க நின்னான்?”

கதவுக்கு அந்தப் பக்கம் சித்தப்பா இருமுவது கேட்டது. “பாப்பா, தாழ்ப்பாளை எடுக்கட்டுமா?”

“சித்தப்பா, எடுக்காதீங்க. கொஞ்சம் இருங்க.”

அவள் நேராக்கிய ஷாட்டை நிறுத்தி, பின்னால் கதவருகே மங்கலாக நின்ற காவலனைத் திரை நிறையப் பெரிதாக்கினாள். அப்புறம் அப்பாவுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னாள். கப்பலில் ஒரு கதவுதான் கட்டினார்கள். இயந்திர அறைப் பக்கம் வருகிற எல்லா ஷாட்டும் திருப்பிப் போட்ட பிலிம், அதனால்தான் கீறல் இடம் மாறியது. நேராக்கிப் பார்த்தால் உங்களை அடித்தவன் வலக்கைக்காரன். தடியை இடக்கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் கதவருகே இருக்கிற இவர் ஒருவர்தான், இவர்தான் சித்தப்பா, இவர் உங்கள் பக்கத்திலேயே வரவில்லை.